கீழ்த்தட்டில் கன்னியம்மாவின் பாடு

என் ஆசை தேவகி அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால் சிரிப்பாய். கேட்காவிட்டால் கோபித்துக்கொள்வாய். அதனால் கேட்டதாகவே வைத்துக்கொள்.

இருந்தபோது உன்னை நீ, வா, போ என்றுதான் கூப்பிட்டேன். போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காகத் திடீரென்று மரியாதை கூட்டினால், இவளுக்கு ஏதோ காரியம் ஆகவேண்டும் என்று நீ உஷாராகிவிடுவாய். எனக்குக் காரியம் ஒன்றும் இல்லை அண்ணி, சேதிதான் இருக்கிறது. உன் பிரிட்ஜால் ஊர்க்கூட்டமே ஆடிப்போன சேதி. தனியாகச் சொன்னால் எனக்குத் தொண்டையில் நிற்காது என்று உனக்கே தெரியும். அதனால் பத்திரிகையில் போடக் கொடுத்திருக்கிறேன். நாலு பேர் ஒட்டுக்கேட்கட்டும்.

முதலில் வீட்டு விஷயம். உன் மகள் பவானி சென்னையில் நர்சிங் படிப்பை ஒழுங்காகப் படிக்கிறாள். அண்ணன் காலையில் டீயை அவரே போட்டுக்கொள்கிறார். குடித்த டம்ளரை நீ கழுவுவாய் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார் போல, அது அங்கேயே கிடக்கிறது. நான் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கிறேன். பொன்னேரியிலிருந்து திருப்பாலைவனம் வழியாக வருகிற பேருந்தில் கண்டக்டர் என்னைப் பார்த்ததும் பக்கத்து சீட்டுக்காரரை எழுப்பி முன்னால் அனுப்புகிறார். மனிதாபிமானி.

உன் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறோம். ஊர்த்தலைவர் சம்சாரம் குணசுந்தரியிடம் கேமராவைக் கொடுத்து, ஒரே ஒரு நாள் நீ எதிரில் போய் நின்றாயே, அந்தப் படம். எடுத்த முப்பத்தாறு படத்தில் ஒன்றில்கூட அவள் உன் நெற்றியை எடுக்கவில்லை. புருவத்துக்கு மேலே உலகம் முடிந்துவிடுகிறது. லீவுக்கு வரும்போதெல்லாம் குங்குமம் வைக்க இடம் தேடி, பவானி சட்டத்தில் வைத்துவிடுகிறாள். இருந்தாலும் சொல்கிறேன் அண்ணி, அந்தச் சுவரிலேயே அதுதான் நல்ல படம். பக்கத்தில் எங்கப்பா ரேஷன் கார்டு மூஞ்சியோடு தொங்குகிறார். ஏதோ கேஸில் மாட்டியவர் மாதிரி.

உனக்கு இந்தப் போட்டோப் பைத்தியம் பிடித்ததே அதனால்தானே?

ஒட்டுக்கேட்கிறவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். எங்கள் அண்ணி ஆரம்பாக்கத்துப் பெண். அவளுடைய நைனா அங்கே சின்னதாக ஒரு போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவர். கல்யாணத்துக்கு எல்லோரும் பீரோ, கட்டில் என்று கொண்டுவந்தால், இவள் தோளில் ஒரு கேமராவோடு படகிலிருந்து இறங்கினாள். நாத்தனார் என்ற முறையில் நான் சீர்வரிசையைச் சோதித்தேன். 'இது இன்னா, பாலு கறக்குமா?' என்று கேட்டேன். 'உன் மூஞ்சியக் காட்டு, இன்னா கறக்குதுனு பார்ப்போம்' என்றாள். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவளோடு மல்லுக்கு நின்றால் தோற்போம், சேர்ந்துகொண்டால் ஊரையே வம்புக்கு இழுக்கலாம் என்று.

அப்புறம்தான் ஸ்டுடியோக்காரர்கள் எல்லாம் பிலிமை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டருக்குப் போன காலம் வந்தது. அண்ணன் உன்னை வலை நூல் வாங்கப் பாரிமுனைக்கு அனுப்பினார். நீ அட்டைப்பெட்டியோடு வந்து இறங்கினாய். நான் அன்றைக்குப் பிறந்த வீட்டில்தான் இருந்தேன். இப்படிப்பட்ட காட்சிகளை நான் எப்போதும் தவறவிடுவதில்லை.

'நூலு எங்கடி?' என்றார் அண்ணன்.

'நூலு அடுத்த வாரமும் கெடைக்கும். இது இனிமே வராது. கடைக்காரரே மூடுறேன்னு தள்ளி வுடுறாரு.'

'பிலிமப் போட்டு ஏரியில கெளுத்தி புடிக்கட்டுமா நானு?'

'போன்ல எடுத்தது போனோட போவுது. போன புயல்ல உன் போன் தண்ணியில வுழுந்துச்சே, அதுல எங்க மொகம் எல்லாம் இருந்துச்சில்ல? இப்போ எங்க அது? என் நைனா எடுத்த நெகட்டிவ் இன்னும் தகர டப்பாவுல கீது. போய்ப் பாரு.'

அண்ணன் போய்ப் பார்க்கவில்லை. தோற்றுப்போகிற சண்டையில் அவர் பாதியிலேயே படகுக்குப் போய்விடுவார். அன்று முதல் பிரிட்ஜின் கீழ்த்தட்டு, காய்கறி வைக்கிற இழுப்பறை முழுவதும் பிலிம். போகும்போதெல்லாம் வாங்கினாய். கத்தரிக்காய் வெளியே வாடியது. உள்ளே கறுப்பு டப்பாக்கள் குளுகுளுவென்று படுத்திருந்தன. மேலத்தெருவில் ஒருத்தி 'தேவகி பிரிட்ஜுல தங்கம் வெச்சிக்கீறா' என்று பரப்பினாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், சண்டைக்கு வருவாள். அவளுக்கு அதைச் சொன்னவளே நான்தான்.

எதற்கு இவ்வளவு என்று கேட்ட பெண்களுக்கெல்லாம் நீ ஒரே பதில் வைத்திருந்தாய். 'ஏண்டி, நாளைக்கு உன் படத்துக்கு மாலை போடுவாங்க. அப்போ ஆதார் கார்டுல கீற மூஞ்சியோடயா தொங்கப்போற? பேரப்புள்ள பார்த்துட்டு ராத்திரி அலறுவான்.' சாவைப் பற்றிப் பேசியும் சிரிக்க வைத்த ஒரே மனுஷி நீ. அன்று மாலையே தெருவில் பாதிப் பேர் வாசலில் நின்றார்கள். தலை வாரி, பவுடர் பூசி, சண்டை போட்டுக்கொண்டு.

அந்தச் சண்டையை நீ தீர்த்த விதம்தான் அண்ணி, இன்றைக்கு எங்களைக் காப்பாற்றியது.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை போட முடியாது. எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுக் குலுக்கி முறை வைக்கும். அதற்குப் பேர் பாடு. உன் பாடு வரும்வரை காத்திருக்கவேண்டும். வந்தால் தலைவரே குறுக்கே வரமுடியாது. அதை வெளியாளுக்கு விற்கவும் முடியாது. எங்கள் ஆண்கள் சாமி மீது செய்கிற சத்தியத்தைக்கூட மீறுவார்கள், பாட்டை மீறமாட்டார்கள்.

நீ அதை அப்படியே தூக்கிப் பிலிமுக்கு வைத்தாய். இறால் கூடையில் பெயர்ச்சீட்டைப் போட்டுக் குலுக்கினாய். மாதம் ஒரு பெண், ஒரு ரோல். முப்பத்தாறு படமும் அவளுக்கே. 'முதல் பத்துல பொம்பள வெறச்சிக்கினு நிப்பா. அடுத்த பத்துல கைய எங்க கொண்டுபோறதுனு தெரியாது. அதுக்கப்புறந்தான் அவ மூஞ்சி வரும்' என்பாய். கடைசியில் ஒரு படம்தான் பெரிதாகப் பிரிண்ட் போடுவாய். அது எது என்று அவள்தான் சொல்லவேண்டும்.

அந்தக் கூடையில் நீ இன்னொரு காரியமும் செய்தாய். சத்தமில்லாமல் செய்தாய். கரையோரக் குடிசைகளில் இருக்கிறார்களே, வலையும் இல்லாமல் படகும் இல்லாமல், தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் துழாவிக் கையாலேயே இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். அவர்கள் எங்களுக்கு முன்னாலிருந்தே இங்கே இருக்கிறவர்கள். ஏரியில் அவர்களுக்குப் பாடு கிடையாது. கேட்டதும் கிடையாது, கொடுத்ததும் கிடையாது. உன் கூடையில் அவர்கள் வீட்டுப் பெண்களின் சீட்டும் விழுந்தது. எழுதப் படிக்கத் தெரியாத கன்னியம்மாவின் சீட்டில் ஒரு நண்டு வரைந்திருந்தாய். அழகான நண்டு என்று சொல்லமாட்டேன். பார்த்தால் நசுங்கிய சிலந்தி. ஆனால் அவள் தன் சீட்டைத் தானே அடையாளம் கண்டுகொண்டாள்.

கன்னியம்மாவுக்கு அந்தச் சுற்றில் கடைசி இடம் விழுந்தது. அவள் அசரவில்லை. நீ கொடுத்த காலி பிலிம் டப்பாவில் தீப்பெட்டியின் குச்சிகளையும் புகையிலையையும் போட்டு மூடி, இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்குவாள். கழுத்தளவு நின்றாலும் ஈரம் ஏறாது. கரையேறியதும் உன் வாசலுக்கு வந்து, 'இன்னாம்மா, என் பாடு எப்போ?' என்பாள். 'வருது, வருது. அதுக்குள்ள அந்தப் பல்ல வெளக்கு' என்பாய். ஒவ்வொரு மாதமும் இதே பேச்சு. வருஷக்கணக்கில் இதே பேச்சு. கடைசியில் அவள் பாடு வந்தபோது நீ படுத்துவிட்டாய்.

'எழுந்ததும் மொதல்ல கன்னியம்மாதான்' என்று ஆஸ்பத்திரியில் என்னிடமும் சொன்னாய், ஊசி போட வந்த நர்சிடமும் சொன்னாய். நீ எழுந்திருக்கவில்லை.

இனிமேல்தான் புதுச் சேதி. காதைத் தீட்டிக்கொள்.

அண்ணனுடைய படகு இஞ்சின் போய்விட்டது. ரிப்பேர்காரர் கையை விரித்துவிட்டார். புது இஞ்சினுக்கு அண்ணன் எங்கே போவார்? அந்த நேரம் பார்த்து, லீவுக்கு வந்திருந்த பவானி, அம்மா ஞாபகமாக இருக்கட்டும் என்று, உன் பிரிட்ஜைத் திறந்து படம் பிடித்துப் போனில் போட்டிருக்கிறாள். இப்போது சென்னையில் படித்த பிள்ளைகள் எல்லாம் பிலிமுக்கு அலைகிறார்களாம். நீ தள்ளுபடியில் வாங்கியது இன்றைக்கு வஞ்சிரத்தைவிட விலை. உனக்குச் சிரிப்பு வருகிறதா? ஊரே சிரித்ததே உன்னைப் பார்த்து. 'அவளுக்கு அப்பவே தெரிஞ்சிருக்குதுய்யா' என்று இப்போது டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள்.

அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் காலை கொண்டை போட்ட ஒரு ஆள் தெர்மோகோல் பெட்டியோடு வந்து இறங்கினார். கொண்டை என்றால் ஆண் கொண்டை. முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், பெயர் விக்ரம். மொத்தத்தையும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். அவர் சொன்ன தொகையில் இஞ்சின் வந்துவிடும். அண்ணன் சரி என்றுவிட்டார். அண்ணனைக் குறை சொல்லாதே. படகு கரையில் கிடக்கிற மீன்காரன் எப்படியிருப்பான் என்று உனக்குத் தெரியும்.

நானும் அங்கே இருந்தேன். அண்ணன் இழுப்பறையை இழுத்தார். விக்ரம் ஒவ்வொரு டப்பாவாகக் கோயில் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கினார். அப்போது வாசலில் சொட்டச் சொட்ட நனைந்து கன்னியம்மா வந்து நின்றாள். யார் சொன்னார்களோ, தண்ணீரிலிருந்து நேராக வந்திருக்கிறாள்.

'இன்னாண்ணா, பொட்டி கட்டுற?'

'விக்கிறேன் கன்னியம்மா. இஞ்சின் போச்சு.'

'மொத்தத்தையுமா?'

'மொத்தத்தையுந்தான்.'

'அதுல ஒண்ணு என்னுது.'

அண்ணன் சிரிக்கப் பார்த்தார். 'அவ ஏதோ விளையாட்டுக்கு வெச்சது அது. அவளே போயிட்டா. இன்னும் இன்னா பாடு?'

கன்னியம்மா சிரிக்கவில்லை. 'அந்தம்மா போயிட்டாங்க. நான் போவலியே. என் பாடு வந்துக்கீது. நான் நின்னுக்கினு கீறேன்.' அவ்வளவுதான் சொன்னாள். அழவும் இல்லை, கத்தவும் இல்லை. வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தாண்டாமல் பெட்டி வெளியே போகமுடியாது. நான் நடுவில் புகுந்து, 'ஒரே ஒரு ரோலை எடுத்துக் கொடுத்துடுங்கண்ணே' என்று சமாதானம் பேசினேன். பெரிய மனுஷி மாதிரி.

கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். 'எனக்குப் பின்னால மறுசுத்து கீது. அவளுங்க பாடு இன்னா ஆவறது? நீ பொன்னேரிக்காரி, உனக்கு இன்னா தெரியும்?' என்றாள். பிறந்த ஊரில், பிறந்த வீட்டு வாசலில், நான் பொன்னேரிக்காரி ஆகிப்போனேன் அண்ணி.

சேதி தெருவுக்குப் போக எத்தனை நேரம் ஆகும்? என்னை விட வேகமான ஆட்கள் இருக்கிற தெரு அது. சாயந்திரம் வலைக்கொட்டகையில் ஊர் கூடியது. ஆண்கள் உட்கார, பெண்கள் வழக்கம்போலத் தூரத்தில் நின்றார்கள். நிற்கத்தான் அனுமதி, பேச இல்லை. நான் மதியம் முழுக்க ஒரு பேச்சுத் தயார் செய்து வைத்திருந்தேன். அதில் கண்ணீர் வரும் இடம் இரண்டு, கைதட்டல் வரும் இடம் மூன்று. 'பெரியோர்களே' என்று ஆரம்பித்தேன். 'கட்டிக்குடுத்த பொண்ணுக்கு இங்க பேச்சு கெடையாது, உக்காரும்மா' என்றார் ஒருவர். உட்கார இடமும் இல்லை. நின்றபடியே அடங்கினேன்.

அப்போதுதான் உன் குணசுந்தரி முன்னால் வந்தாள். நெற்றியை வெட்டிப் படம் எடுத்த அதே குணசுந்தரி. அவள் ஊரைப் பார்த்துப் பேசவில்லை. தன் புருஷனைப் பார்த்துப் பேசினாள். வீட்டில் குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

'ஏங்க, போன வருசம் ஒருத்தன் அவன் பாட்ட பக்கத்து ஊர்க்காரனுக்கு வித்தானே, அவன இன்னா பண்ணீங்க?'

தலைவர் குழம்பினார். 'வலையப் புடுங்கி வெச்சோம். அதுக்கு இன்னா இப்போ?'

'ஏன் புடுங்குனீங்க?'

'பாடு இன்னா விக்கிற பொருளா? அது முறை. ஒருத்தன் வித்தா அவனுக்குப் பின்னால கீறவன் எல்லாம் போச்சு.'

'அத்தத்தான் நாங்களும் சொல்றோம்' என்று சொல்லிவிட்டுக் கன்னியம்மா பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். தெருப் பெண்கள் எல்லோரும் ஒவ்வொருவராக நகர்ந்து அவள் பின்னால் நின்றார்கள். யாரும் கையைத் தூக்கவில்லை, கோஷம் போடவில்லை. மீன் வாங்கப் போகிறவர்கள் மாதிரி சாதாரணமாக நடந்து வந்து நின்றார்கள்.

ஆண்கள் பக்கம் சலசலப்பு. 'அது ஏரி, இது பிரிட்ஜு! ரெண்டும் ஒண்ணா?' என்றான் ஒருவன். 'உன் பொண்டாட்டிக்கு எட்டாவது பாடு வந்தப்போ பட்டுச்சட்ட போட்டுக்கினு நீ ஏன்டா நடுவுல போய் நின்ன?' என்று கூட்டத்திலிருந்தே இன்னொரு குரல். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அப்போது ஒரு பெரியவர் விஷயத்தின் மேலேயே கையை வைத்தார். 'அதெல்லாம் சரி. மத்தவங்களுக்குப் பாடுனா ஒத்துக்கலாம். கன்னியம்மா ஆளுங்களுக்குப் பாடுன்றதே கெடையாதே. எப்படி வந்துச்சு?'

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? நான் அந்த நொடியில் உன்னைத்தான் தேடினேன். தயார் செய்த பேச்சில் இதற்குப் பதில் இல்லை.

கன்னியம்மாவே பேசினாள். அந்தக் கொட்டகையில் அவள் ஆட்களில் யாரும் அதுவரை வாய் திறந்ததில்லை. 'ஏரியில எனக்குப் பாடு இல்லனீங்க. சரின்னேன். கையை வுட்டுத் தேடிக்கினேன். நீங்க வலை போட்ட எடத்துல நான் கால் வெச்சதில்ல. உங்க முறைய நான் மதிச்சேன். இது அந்தம்மா கூடையில போட்டுக் குலுக்கி எனக்கு வுழுந்தது. நீங்க என் முறைய மதிக்கமாட்டீங்களா?'

தலைவர் தலையைச் சொறிந்தார். இல்லை என்று சொன்னால் தங்கள் சொந்தப் பாட்டையே இல்லை என்று சொல்வதாக ஆகிவிடும் என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒவ்வொருவனுக்கும் தெரிந்தது. ஏரியில் அவள் ஆட்களுக்கு ஏன் பாடு இல்லை என்ற கேள்வி அடுத்து வரும் என்பதும் தெரிந்தது. அன்றைக்கு அது வரவில்லை. வராமலா போய்விடும்?

எழுந்து நின்றது அண்ணன்தான். நான் பயந்துவிட்டேன். அவர் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: 'அவ கீறப்பவும் என்னைப் பேசவுடல. போயும் பேசவுடல. பொட்டியப் பிரிச்சிடுறேன். ஆனா இஞ்சினுக்கு நான் இன்னா பண்றதுனு ஊரு சொல்லட்டும்.' குரல் சலித்துக்கொண்டது. முகத்தில் மீசை நிமிர்ந்திருந்தது அண்ணி. உன்னைப் பெண்பார்த்துவிட்டு வந்த அன்று இருந்த மாதிரி.

தலைவர், தன் தம்பி படகில் அண்ணன் பங்குக்கு ஆளாகப் போகட்டும், இஞ்சினுக்கு ஊர்ப் பொதுப்பணத்திலிருந்து ஒரு வழி பார்க்கலாம் என்றார். வழி இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அண்ணன் அடுத்தவர் படகில் போய்வருகிறார், முணுமுணுத்துக்கொண்டே. அது உண்மை, உன்னிடம் மறைக்கவில்லை. அப்புறம் தலைவர் தொண்டையைக் கனைத்தார். ஏரிப் பாடு சொல்கிற அதே குரலில், அதே ராகத்தில், ஊருக்கே கேட்கும்படி இழுத்துச் சொன்னார்: 'இந்தப் பாடு, கன்னியம்மா பாடு!'

அந்தக் கரையில் அந்தப் பெயர் அப்படிக் கூப்பிடப்பட்டதே இல்லை. கன்னியம்மா பக்கத்திலிருந்தவளிடம் 'கேட்டியா?' என்று கேட்டுக்கொண்டாள். அவ்வளவுதான்.

அடுத்த கேள்வி, படத்தை எடுப்பது யார்? விக்ரம் நான் எடுக்கிறேன் என்று முன்னால் வந்தார். பிலிம் கிடைக்காவிட்டாலும் ஊரைவிட்டுப் போக மனசில்லாமல் அன்று முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தார் பாவம். கன்னியம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'கொண்டக்காரரு வேணாம். அந்தம்மா வூட்டு ஆளு எடுக்கட்டும்' என்று என்னைக் காட்டினாள். காலையில் பொன்னேரிக்காரி, சாயந்திரம் வீட்டு ஆள். நான் எதற்கும் தகராறு செய்யவில்லை.

உன் கேமராவை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்? 'உனக்குப் பேசுறப்போ கை ஆடும், பேசாம உன்னால இருக்கமுடியாது' என்று தரமாட்டாய். மறுநாள் காலை அது என் கழுத்தில் தொங்கியது. பிரிட்ஜிலிருந்து எடுத்த ரோலை அப்படியே மாட்டப்போனேன். விக்ரம் பதறிப் பிடுங்கினார். குளிர் விட்டு வேர்வை அடங்கும்வரை டப்பாவைத் திறக்கக்கூடாதாம். பழைய பிலிமுக்குப் பார்வை மங்கலாம், வெளிச்சம் கூடக் கொடுக்கவேண்டுமாம். நாற்பது தாண்டிய நானும் அப்படித்தான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. பிலிம்காரர்கள் பக்தர்கள் மாதிரி, சன்னதியில் சிரிக்கமாட்டார்கள்.

எனக்கு ஒரு கற்பனை இருந்தது. அதிகாலை ஏரி, இடுப்பளவு தண்ணீர், கையில் நண்டு, பின்னால் பறவைக் கூட்டம், நடுவில் கன்னியம்மா. சொன்னேன்.

'தண்ணியில நின்னாத்தான் அழகா?' என்றாள். 'தண்ணியில தெனமுந்தான் நிக்கிறேன். அதுக்கு எதுக்கு போட்டோ? நாற்காலி போடு. கை வெச்ச நாற்காலி. நான் உக்காரணும்.'

எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலி, அதிலும் ஒன்றுக்குக் கால் கோணல். யாரும் கேட்காமலே குணசுந்தரி போய்த் தன் வீட்டிலிருந்து ஒரு நாற்காலியைத் தலையில் வைத்துத் தூக்கிவந்தாள். கூட்டத்துக்குக் கூட்டம் தலைவர் உட்காருகிற தேக்கு நாற்காலி. பின்னாலேயே தலைவர், 'அடியே, அது ஊர் நாற்காலிடி' என்று வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடிவந்தார். வந்தவர் தெருவே கூடி நிற்பதைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, மண்ணில் ஆடாமல் இருக்க நாற்காலியின் காலுக்கு அடியில் ஒரு ஓட்டுத் துண்டைச் செருகினார். அதை நான் படம் எடுத்திருக்கவேண்டும். எடுக்கவில்லை. அது கன்னியம்மாவின் ரோல் ஆயிற்றே.

மாம்பழக் கலர் சேலை, குணசுந்தரியின் கைக்கடிகாரம், பவானியின் கூலிங்கிளாஸ். நீ சொன்ன மாதிரியே முதல் பத்துப் படத்தில் அவள் மரக்கட்டை. அடுத்ததில் கையை எங்கே வைப்பது என்று தவித்தாள். கூலிங்கிளாஸைப் போட்டாள், கழற்றினாள், மறுபடி போட்டாள். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆமாம் அண்ணி, முழு ரோலுக்கும். நம்பமாட்டாய், சாட்சி இருக்கிறது. ஒரு கட்டத்தில் பட்டனை அழுத்துவதை மறந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

'இன்னாமே, பராக்கு பார்க்குற? என் பாடு ஓடிக்கினு கீது, எடு!' என்று கையை நீட்டி அதட்டினாள். எடுத்தேன்.

ரோலை விக்ரம்தான் கொண்டுபோய்க் கழுவி, பிரிண்ட் போட்டு எடுத்துவந்தார். வரும்வரை எனக்கு இதே நினைப்பு. இவ்வளவு வருஷம் கரண்ட் போய்ப் போய் வந்த பிரிட்ஜில் கிடந்தது, ஒன்றுமே வராமல் வெளுத்துப்போயிருந்தால்? அவள் இன்னொரு முறை காத்திருக்கவேண்டுமா? கவரைப் பிரித்தோம். எல்லாம் வந்திருந்தன. நிறம் மட்டும் கொஞ்சம் மாறியிருக்கிறது. ஏரி லேசான ரோஜா நிறம். மணல் ஊதா. கன்னியம்மாவின் கறுப்பு மட்டும் அப்படியே, மின்னிக்கொண்டு. பிலிம் பழசாகி இப்படி நிறம் வந்ததற்காகவே சென்னையில் காசு கொடுப்பார்களாம், விக்ரம் சொன்னார்.

எல்லாவற்றையும் தரையில் பரப்பி வைத்தோம். கூலிங்கிளாஸ் படத்தைத்தான் எடுப்பாள் என்று தெருவே பந்தயம் கட்டியது. கன்னியம்மா குந்தியபடி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். என்னை அதட்டிய அந்தப் படத்தில் நின்றாள். ஊர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கையை நீட்டி, வாய் பாதி திறந்து, எதிரில் இருப்பவளுக்கு உத்தரவு போடுகிற கன்னியம்மா.

'இத்தப் பெருசாப் போடு' என்றாள்.

'மாலை போடுறதுக்கா?' என்று கேட்டாள் குணசுந்தரி.

'மாலைக்கு இன்னும் நாள் கீது. இப்போவே மாட்டுறேன். வரவன் போறவன் பார்க்கட்டும்.'

மாட்டியிருக்கிறாள். குடிசையில் சுவர் என்று தனியாக இல்லை. வாசல் கம்பத்தில், வெளியே பார்க்கத் தொங்குகிறது. ஏரிக்குப் போகிற வழியும் அதுதான், வலையோடு போகிற ஆண்கள் எல்லோரும் அவள் நீட்டிய கைக்கு எதிரே நடந்துதான் போகவேண்டும். தலைவர் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் வேகமாக நடக்கிறார் என்று கேள்வி.

அண்ணி, ஊரில் உன்னைப் பிலிம் பைத்தியம் என்றார்கள். நானும்தான் கூடச் சேர்ந்து சிரித்தேன், ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா? இப்போது ஒன்று தோன்றுகிறது. நீ சேர்த்து வைத்தது பிலிம்தானா? இந்தத் தெருப் பெண்கள் ஒவ்வொருத்திக்கும், 'எனக்கு ஒரு முறை இருக்கிறது, அதற்கு நான் காத்திருக்கிறேன், அது வரும்' என்று சொல்லப் பழக்கினாயே. எந்த வீட்டு பிரிட்ஜில் அது இருக்கிறது? எனக்கு வாய்த்த அண்ணி மாதிரி யாருக்கு வாய்த்தது? பெருமையாக இருக்கிறது என்று எழுதிவிட்டு, இது சினிமா வசனம் மாதிரி இருக்கிறதே என்று அடித்தேன். மறுபடி எழுதுகிறேன். பெருமையாக இருக்கிறது.

போன வாரம் இரண்டாம் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கினோம். கரையோரக் குடிசைப் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள், போன தடவை வெட்கப்பட்டுப் பேர் கொடுக்காதவர்கள் உட்பட. இனிமேல் மாதம் ஒருநாள் நான் பேருந்து ஏறி வருவேன். கீழ்த்தட்டில் கடைசி டப்பா இருக்கிறவரைக்கும் ஒருத்தியின் பாடும் தவறாது. யார் வந்து எவ்வளவு கொடுக்கிறேன் என்றாலும் இழுப்பறை திறக்காது. அண்ணன் வெண்டைக்காயை அங்கே வைக்க முயன்றால் அவரையும் கூட்டத்தில் நிறுத்துவோம். படம் எடுக்கும்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். இதைக் காப்பாற்றுவதுதான் எனக்குக் கஷ்டம், இருந்தாலும் சத்தியம். எல்லோருடைய நெற்றியும் முழுதாக விழும்.

இப்படிக்கு,
உன் புருஷனுக்குத் தங்கச்சி, உன் வாய்க்குப் பங்காளி,
பொன்னேரி நாத்தனார்